பூண்டுலோயாவுக்கும் அபிப்பிராயம் உண்டு

2018 ஆகஸ்ட் 12ஆம் திகதி மலையகத்துப் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு பேர்ச் காணி. அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நேரில் வந்திருந்தார். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டில்லியிலிருந்து காணொளி வழியாகப் பேசினார். லயத்து வாசலில் நின்று ஓர் அழைப்பு எடுக்கக் கவரேஜ் தேடி மேட்டுக்கு ஏறும் ஊரில், டில்லிக் குரல் தங்குதடையில்லாமல் கேட்டது.

ஒரே நாளில் ஒரே இடத்தில் அரசியலும் தொழில்நுட்பமும் திரையும் சேர்ந்து வந்த விழா அது. வந்திருந்த சனம் கைதட்டியது, படம் பிடித்தது, வீட்டுக்குப் போய்ப் பேசியது. காணி உறுதி எப்போது கைக்கு வரும், மற்ற டிவிசன்காரருக்கு வீடு எப்போது, இந்தப் பெரிய ஏற்பாட்டுக்குப் பூட்டிய சிக்னலில் கொஞ்சத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக மாட்டார்களா என்று பேச்சு நாளெல்லாம் ஓடியது. விழாவைப் பற்றி எழுதிய செய்திகளில் தலைவர்களின் உரை இருந்தது. கேட்டவர்களின் பேச்சுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. மலையகத்தைப் பற்றிய செய்தி என்றால் அநேகமாக அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயா கடைவீதிக்கு வந்து பாருங்கள். அதுவும் சம்பளம் போட்ட வாரமென்றால் நடக்க இடமிருக்காது. மரக்கறிச் சாக்கு, பிள்ளைக்குச் சப்பாத்து, அடகுக்கடை வரிசை, தலவாக்கலை பஸ்ஸுக்கு முண்டியடிப்பு. தேத்தண்ணிக் கடையில் சீனி டின்னில் சாய்த்து வைத்த போனில் புதுப்படத்து முன்னோட்டம் ஓடும். நாலு பேர் ஒரே திரையைப் பார்ப்பார்கள். ஒருவர் வடையைப் பிட்டுக்கொண்டே, "இந்தக் கதைய நாங்க ரஜினி படத்துலயே பாத்துட்டோம் தம்பி" என்பார். அடுத்தவர் ஜனாதிபதி அனுரவின் பேச்சைப் பற்றித் தொடங்குவார். மூன்றாமவர் புதிதாக வந்த போனின் விலையைச் சொல்லி, அதை எத்தனை நாள் பேருக்கு (நாட்கூலிக்கு) வாங்கலாம் என்று கணக்குப் போடுவார். சலூனிலும் ஆட்டோ தரிப்பிடத்திலும் போன் திருத்தும் கடை வாசலிலும் இதே மூன்று விஷயம்தான் மாறி மாறி வரும்.

இதைத்தான் வெட்டிப் பேச்சு என்கிறார்கள். தோட்டத்துப் பொடியன்களுக்கு சினிமாவையும் போனையும் விட்டால் வேறென்ன தெரியும் என்று, படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் சலித்துக்கொள்வதை நான் நிறையவே கேட்டிருக்கிறேன். மலையகத்தில் பிறந்து மேலே வந்தவர்களும் அப்படிச் சொல்லும்போது மனம் எரிகிறது. அந்தச் சலிப்பு அநியாயமானது. இந்தச் சனத்திடமிருந்து வாக்குரிமையே பறிக்கப்பட்டிருந்த காலத்தில் இவர்கள் அரசியல் பேசியது பாட்டிலும் கூத்திலும் படத்திலும்தான். வேறு இடம் கொடுக்கப்படவில்லை.

பூண்டுலோயாவுக்குப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. கவிஞர், தொழிற்சங்கவாதி. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போன ஏழு பேரில் ஒருவர், தலவாக்கலைத் தொகுதி. அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்ட மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதவி போன சி.வி. பின்னாளில் செய்த பெரும்பணி, தோட்டத்தில் வாய்வழியாகப் பாடப்பட்டவற்றைத் தேடி எழுதியது. 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பு 1983இல் வந்தது. துரையைப் பற்றி, கங்காணியைப் பற்றி, கூலியைப் பற்றி இந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்று அறிய இன்றைக்கும் நாம் போவது அரசாங்க அறிக்கைகளிடமல்ல, அந்தப் பாடல்களிடம்தான். கொழுந்து எடுத்துக்கொண்டே பாடியவை அவை. அன்றைக்கும் யாரோ அவற்றை வெட்டிப் பாட்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தொழிற்சங்கத்தில் சி.வி.க்கும் முன்னோடி கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தோட்டத்துக்குள் வெளியாள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் குற்றமாக இருந்த காலத்தில் துணி வியாபாரி வேஷத்தில் உள்ளே போனவர். அவர் நடத்திய பத்திரிகைகள் பல. ஆனால் எழுத்து வாசிக்காதவர்களிடம் பத்திரிகை போய்ச்சேராதே! அங்கேதான் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் வருகிறார். கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார். தொழிலாளர் நிலைமையைப் பாடல் புத்தகமாக அச்சிட்டுப் பரப்பினார். 1930களில் மலிவாகக் கிடைத்த தொழில்நுட்பம் அச்சுக்கூடம். மக்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு பாட்டு. சொல்ல வேண்டியிருந்தது அரசியல். மூன்றையும் ஒரு பெண் முடிச்சுப் போட்டார்.

மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு விவாதம் என்பது எங்களுக்குப் புதிதல்ல என்று தெரியும். காமன் எரிந்தானா, எரியவில்லையா? எரிந்த கட்சி ஒன்று, எரியாத கட்சி ஒன்று. இரண்டு பக்கமும் லாவணி பாடி விடிய விடிய மடக்குகிற மரபு காமன் பண்டிகையோடு ஒட்டியது. எதிர்க்கட்சியின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அதன் ஓட்டையைக் கண்டுபிடித்து, மெட்டு தவறாமல் பதில் சொல்ல வேண்டும். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் நான் தேடிக் காணாத ஒழுங்கு அது.

அப்புறம் சினிமா. தமிழ்நாட்டில் திராவிட இயக்கம் வசனத்தால் வளர்ந்தபோது அதன் வெப்பம் கடலைத் தாண்டி மலைக்கும் ஏறியது. ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் வேர்விட்டது. 1962இல் அரசாங்கம் அதைத் தடைசெய்தது. வாக்கில்லாதவர்களின் கட்சியைத் தடைசெய்கிற அளவுக்கு அரசாங்கம் யோசித்ததென்றால், அந்தப் பேச்சுக்குப் பலம் இருந்தது என்றுதானே அர்த்தம்? கண்டிப் பக்கத்தில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆரை மலையகம் சொந்தக்காரராகவே பார்த்தது. மோடி 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்து பேசியபோதும் எம்.ஜி.ஆர். பெயரைச் சொல்ல மறக்கவில்லை. ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்திய வி.பி. கணேசன் ஒருபடி மேலே போய்த் தானே படம் எடுத்து நடித்தார். 'புதிய காற்று' 1975இல் வந்தது. பின்னால் 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க'. தொழிற்சங்கத் தலைவர் கதாநாயகனாக வந்தது வேடிக்கை பார்க்கவா? தோட்டத்துக் கதையைத் தோட்டத்துக்காரனே திரையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அது. இன்றுவரை அந்த ஆசை முழுதாக நிறைவேறவில்லை.

மேலே கோபுரம், கீழே இருட்டு

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் பிரதான பரப்புக் கோபுரம் எழுந்தது பிதுருதலாகலை உச்சியில். 2,524 மீற்றர், நாட்டின் மிக உயர்ந்த மலை. அதாவது நாடு முழுவதும் படம் பார்த்தது எங்கள் மலையின் தோளில் ஏறி நின்றுதான். அந்த மலையின் அடிவாரத்து லயங்களில் பலவற்றுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் ஒரு லயமே உட்கார்ந்திருந்த நாட்களை இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள் சொல்வார்கள்.

இப்போது தகரக் கூரைக்குக் கூரை டிஷ் அன்டெனா. சென்னையின் விவாத நிகழ்ச்சி இரவு எட்டு மணிக்கு லயத்துக் காம்பராவுக்குள் வந்துவிடுகிறது. நடிகர் விஜய் 2024 பெப்ரவரியில் கட்சி தொடங்கியது முதல் பூண்டுலோயாவில் அதற்கு இரண்டு அணி. 2025 செப்டெம்பர் 27இல் கரூர் நெரிசலில் 41 பேர் செத்தபோது இரண்டு அணியும் வாயடைத்துப் போனது. அதற்குச் சில வாரம் முன்புதான் மதுரை மாநாட்டில் விஜய், கச்சதீவை இலங்கையிடமிருந்து மீட்கச் சொல்லிக் கேட்டார். செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க கச்சதீவுக்கே போய் நின்றார். கடலையே வருடத்தில் ஒருமுறை பார்க்க வாய்க்காத ஊரில் கச்சதீவு பற்றிச் சூடான வாதம் நடந்தது. வடக்கு மீனவனின் வலைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது. நட்சத்திரம் சொல்லிவிட்டது என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே பதில்.

எனக்கு வேறொரு கவலை உண்டு. சென்னை மாநகராட்சியின் குப்பைப் பிரச்சினை தெரிந்த அளவுக்குத் தன் பிரதேச சபையின் வரவு செலவு தெரியாத நிலைமையைத் திரை உண்டாக்கிவிட்டது. பழியைப் பார்ப்பவர் தலையில் போட முடியாது. கொத்மலைப் பக்கத்துச் சபைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஒரு செய்தியாளரை எந்த நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது? சொல்வதற்கு ஆளில்லாத இடத்தில் சென்னை வந்து உட்காரத்தான் செய்யும்.

தொழில்நுட்பச் செய்தியை இந்த ஊர் வாசிக்கும் விதமே வேறு. 2025 ஜூலையில் ஸ்டார்லிங் இலங்கையில் சேவை தொடங்கியதும் கொழும்பில் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். இங்கே கட்டணத்தைப் பற்றிப் பேசினார்கள். தொடக்கத்தில் வீட்டுப் பாவனைக்கு மாதம் 12,000 ரூபாவிலிருந்து. அப்போது தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒன்பது நாள் பேர் போய்விடும். கருவிக்குக் கொடுக்க வேண்டியது தனி. வானத்திலிருந்து இணையம் வருகிறதாம், வரட்டும், தோட்டத்துப் பாடசாலைக்கு ஒன்று பூட்டினால் எத்தனை பிள்ளை படிக்கும் என்ற பேச்சும் சேர்ந்தே வந்தது. கொரோனாக் காலத்தில் வட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இறக்கப் பிள்ளைகள் மழையில் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றதைக் கண்ட ஊர் இது. செயற்கை நுண்ணறிவு ஆட்களின் வேலையைப் பறிக்கும் என்ற செய்திக்கும் இங்கே உடனே முகம் உண்டு: கொழும்புக் கடைகளில் நிற்கும் அண்ணன்மார், தோட்டத்தில் இறக்கியிருக்கும் கொழுந்து வெட்டும் மிஷின்.

தராசு சொன்ன கதை

தொழில்நுட்பம் பற்றிய ஆகக் கூர்மையான அபிப்பிராயத்தை நான் கேட்டது கடைவீதியில் அல்ல, நிறுவை நடக்கும் இடத்தில். முன்பெல்லாம் முக்காலியில் தொங்கும் முள் தராசு. சாக்கைக் கொளுவியதும் முள் ஆடும், நிற்கும். நிறுப்பவருக்கும் கூடைக்காரிக்கும் ஒரே முள்தான் தெரியும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அதில் நடக்கும் சண்டை ஊரறிந்தது. இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு. எண் பளிச்சென்று வருகிறது. அட்டையைக் காட்டினால் கணக்கு ஏறிவிடுகிறது. நவீனம்தான், நல்லதும்தான்.

படங்கை இடுப்பில் சுற்றி, தலையில் கயிறு மாட்டிய அக்கா ஒருவர் நிறுவை முடிந்ததும் போனை எடுத்து அந்த எண்ணைப் படம் பிடித்தார். மூன்று நிறுவைக்கும் மூன்று படம். மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். "தராசு பொய் சொல்லாது தம்பி. தராசுல விழுந்த கிலோ துண்டுக்கு வர்ற வழியில எங்க கொறையுதுன்னுதான் பாக்குறேன்" என்றார். துண்டுக்கு வருமுன்பே தராசிலும் ஒரு மறைவு உண்டு: கழிவு எவ்வளவு என்பதைக் கருவி அவருக்குக் காட்டுவதில்லை. கருவிக்குள் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. முள் தராசில் வாய்ச்சண்டை போடலாம், இதில் யாரோடு போடுவது? கணினித்துறையில் பெரிய படிப்புப் படித்தவர்கள் வெளிப்படைத்தன்மை என்று எழுதும் விஷயத்தை அந்த அக்கா கொழுந்துக் கறை படிந்த விரலால் தொட்டுக் காட்டிவிட்டார்.

பெண்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தேத்தண்ணிக் கடைப் பேச்சு ஆண்களின் பேச்சு. கொழுந்தெடுக்கும் பெண் வேலை முடிந்து, பிள்ளை மடுவத்திலிருந்து பிள்ளையைத் தூக்கி, விறகும் தண்ணியும் பார்த்து அடுப்பு மூட்டும் நேரத்தில்தான் கடைவீதியில் வாதம் உச்சத்துக்குப் போகும். அவர்களுடைய விவாதம் நிரையில் நடக்கிறது: ஒருத்தியின் போனில் எஃப்.எம். ஓடும், ஆறு நிரைக்குக் கேட்கும். நாடகத்து மாமியாரும் சந்தை விலையும் மந்திரி சொன்னதும் அங்கேயே அலசப்படும். அதைக் கேட்க எந்தக் கட்சி அமைப்பாளரும் மலைக்கு ஏறுவதில்லை.

மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனது. அதே ஆண்டுதான் புசல்லாவை நயப்பனைத் தோட்டத்து அசானி, சென்னையின் 'சரிகமப' தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி மேடையில் பாடினார். நடைபயணத்தைவிட அந்தப் பாட்டு அதிகம் வீடுகளுக்குள் போனது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டம், லயம், கொழுந்து என்ற சொற்கள் தமிழ்நாட்டு வரவேற்பறைகளில் விழுந்தன. மேடையில் எல்லோரும் அழுதார்கள். பூண்டுலோயாவில் சந்தோஷம் பொங்கியது. கூடவே இன்னொரு பேச்சும் அடிபட்டது: பிள்ளை நன்றாகப் பாடுகிறது, பாட்டுக்குக் கைதட்டுங்கள், எங்கள் கூடையைக் காட்டி ஏன் அழுகிறீர்கள்? நான் அந்தக் கட்சி. எங்களைப் பார்த்தால் கண்ணீர் வருகிறதென்றால், அந்தக் கண்ணீர் சம்பளத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரட்டும்.

சம்பளம் பற்றிய கேள்வியைப் பிள்ளைகளே கேட்டும் பார்த்தார்கள். 2018 ஒக்டோபர் 24இல் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையோடு கூடிய மலையக இளைஞர்கள் தோட்டத்து நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டார்கள். சங்கம் கூப்பிட்டு வந்தவர்களல்ல. பேஸ்புக்கில் பேசி வந்தவர்கள். கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். பொழுதுபோக்கு என்று பழிக்கப்பட்ட அதே போன்தான் அவர்களை அங்கே சேர்த்தது. அந்தக் கூட்டம் பழைய தலைமைகளுக்கு ஒரு சேதி சொன்னது. சேதி காதில் விழவில்லை போலிருக்கிறது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குப் போனது. சேவல் சின்னமும் சங்கமும் பரம்பரையும் பேசிய மாவட்டம் அது. கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும் அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்களுக்கு அதுவே முதல் தடவை.

புதிய அரசாங்கத்துக்குப் பூண்டுலோயா சும்மா விசிலடித்துக்கொண்டிருக்கவில்லை. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையில் 1,350 ரூபா 1,550 ஆகும், அதற்குமேல் அரசாங்கம் நாளுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவு தரும், மொத்தம் 1,750 என்று அறிவிப்பு வந்தது. கடைவீதி உடனே கணக்குப் போட்டது: 25 நாள் என்றால் கொடுப்பனவு மட்டும் 5,000 ரூபா. அடுத்த வாய் கேட்டது: 25 நாளும் வேலை கொடுப்பது யார் கையில் இருக்கிறது? நாள் குறைத்துக் கொடுத்தால்? இதைவிடக் கூர்மையான கேள்வியைக் கொழும்பில் பொருளாதாரம் பேசுபவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் பேச்சு மாறிவிட்டது. நவம்பர் 28இல் டித்வா புயல் கரையைத் தொட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் மண்சரிவில் சிதைந்தன. மின்சாரம் போனது, கவரேஜ் போனது, பாதை போனது. அரசாங்க எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற குமுறல் அப்போதே எழுந்தது. தமிழ் அரச கரும மொழியாக்கப்பட்ட 1987இல் பிறந்த பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். இன்னும் உயிர் தப்பும் செய்தியை மற்ற மொழியில் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டுமா?

தமிழில் வந்தாலும் இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக, பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் தோட்டத்து மனிதருக்குத் தன் இடம் மேல் டிவிசன், கீழ் டிவிசன், இத்தனையாம் நம்பர் லயம். செயலகப் பிரிவு முழுவதற்கும் சிவப்பு என்றால் என் லயத்துக்கா, அடுத்த மலைக்கா? அதைப் பிரித்துச் சொல்லும் வேலையை அதிகாரிகளுக்கு முன்னால் செய்தவர்கள் நாம் வெட்டிப்பேச்சுக்காரர் என்று சொன்ன அதே பையன்கள். படத்து விமர்சனமும் மீம்ஸும் ஓடிய வட்ஸ்அப் குழுக்களில், சிக்னல் கிடைத்த நேரத்திலெல்லாம், எந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எந்தப் பாலம் நிற்கிறது, யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்று எழுதினார்கள். அவர்களில் சிலரையாவது அனர்த்த முகாமைத்துவத்தின் தோட்டத்துப் பொறுப்பாளர்களாக, கொடுப்பனவோடு, எழுத்தில் நியமிக்க அரசாங்கத்துக்கு என்ன தடை?

கவரேஜ் இல்லாத இரவுக்கும் வழி உண்டு. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) ஆள் திரட்ட ஒரு காலத்தில் தப்பு அடித்தார்கள். பக்டரியில் சங்கு ஊதினார்கள். கடைசி லயம் வரைக்கும் கேட்கும். வேலைக்கு எழுப்பத் தெரிந்த தோட்டத்துக்கு மண் சரியப்போகும் இரவில் எழுப்பத் தெரியாதா என்று புயலுக்குப் பிறகு பூண்டுலோயாவில் கேட்கிறார்கள். தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, சிவப்பு எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்டரிச் சங்கு எத்தனை தடவை ஊத வேண்டும், ஊதினால் எந்த லயம் எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்து, அதைத் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டலாம். அடுத்த பெருமழைக்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.